கோணல் யாருடைய குற்றம்?

கேத்திர கணிதத்தில் ஒழுங்கான பல்கோணிக்குரிய வரைவிலக்கணம் மிகச் சுருக்கமானது: பக்கங்கள் யாவும் சமம், கோணங்கள் யாவும் சமம். இவ்விரண்டில் ஒன்று தவறினும் அவ்வுருவம் ஒழுங்கற்றது. கணிதம் கூறுவது இவ்வளவே. ஆயின் 'ஒழுங்கற்றது' என்னும் சொல் பாடநூலை விட்டு வாழ்க்கைக்குள் வந்ததும் நாம் அதன்மீது ஒரு குற்றத்தையும் ஏற்றிவிடுகிறோம். வேறுபட்டது யாவும் குறைபட்டது என்றாகிவிடுகிறது. இது நியாயந்தானா?

கணிதம் இதற்குத் துணை நிற்கவில்லை. ஒழுங்கான ஐங்கோணியின் அகக்கோணங்களைக் கூட்டினால் 540 பாகை வரும். பக்கங்கள் ஏறுமாறாக அமைந்த ஐங்கோணிக்கும் அதே 540 பாகைதான். இரண்டும் ஒரே விதிக்கு உட்பட்டவை. வேற்றுமை, அவற்றை அறிவதற்கு நாம் செலுத்தவேண்டிய உழைப்பில் இருக்கிறது. ஒழுங்கான உருவத்தில் ஒரு பக்கத்தை அளந்தால் மற்றவையும் தெரிந்துவிடும். கோணலான காணியையோ நில அளவையாளர் முக்கோணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். எனவே, ஒன்றை 'ஒழுங்கற்றது' என்று நாம் சலித்துக்கொள்ளும்போது, பெரும்பாலும் அதன் குறையைக் கூறவில்லை. எமது பொறுமையின்மையையே கூறுகிறோம்.

இப்பொறுமையின்மை அதிகாரத்தோடு சேரும்போது மக்கள் துன்புறுகின்றனர். 1899இல் பிரித்தானிய, எகிப்திய அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, சூடானின் வட எல்லையை 22ஆம் அகலக்கோட்டில் வகுத்தது. தேசப்படத்தில் அது அப்பழுக்கற்ற நேர்கோடு. ஆனால், பாலைநிலத்து மேய்ச்சற் குடிகளின் வாழ்வு அடிமட்டத்துக்கு அடங்குவதன்று. 1902இல் வேறொரு நிருவாக எல்லையைக் கோணலாக வரைய நேர்ந்தது. நேர்கோட்டுக்கு வடக்கேயுள்ள ஹலாயிப், பிஷாரி மக்களை முன்னிட்டுச் சூடானின் நிருவாகத்துக்குச் சென்றது. தெற்கேயுள்ள பீர் தவீல், அபாப்தா மக்களின் மேய்ச்சலை முன்னிட்டு எகிப்தின் நிருவாகத்துக்குச் சென்றது.

இன்று எகிப்து நேர்கோட்டையும் சூடான் கோணற்கோட்டையும் பற்றி நிற்கின்றன. கடற்கரையுடைய ஹலாயிப்பை இரண்டும் கோருகின்றன. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பீர் தவீலை இரண்டுமே கோருவதில்லை. அதைக் கோரினால் ஹலாயிப்பை இழக்க நேருமே! மேய்ச்சலுக்காக வரைந்த கோடும் நிலப்பேரத்துக்கான பத்திரமாகிவிட்டது.

ஆகையால், கோணல் நல்லது, நேர்மை தீயது என்று நாம் வாதிடவில்லை. அவ்விரு கோடுகளையும் வரைந்த அதிகாரம் அம்மக்களிடமிருந்து பெறப்பட்டதன்று. ஒழுங்கு முற்றாக வேண்டாமென்பதும் எமது கருத்தன்று. ஆளுக்கோர் அளவுகோல் இருக்குமிடத்தில் வலியவனின் கோலே செல்லும். சமத்துவத்தை நாடும் நாம் அளவுகோல் பொதுவாயிருக்கவேண்டுமென்று போராடுகிறோம். ஆனால், அளக்கப்படும் மனிதரும் ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டுமென்று ஒருபோதும் எண்ணலாகாது. ஒருவனை அளந்துவிட்டு எல்லோரையும் அறிந்துவிட்டோம் என்பது சமத்துவமன்று, சோம்பல். ஒவ்வொரு பக்கத்தையும் சென்று அளக்கும் உழைப்புக்கு நாம் ஆயத்தமா?