தெரிந்த துரு

லீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது மாதத் தவணையைத்தான் எல்லாரும் பார்ப்போம். அதே தாளில் இன்னொரு எண்ணும் இருக்கும். மூன்று வருடம் கழித்து இந்த வண்டி என்ன விலை போகும் என்று நிதி நிறுவனம் இன்றைக்கே போட்டுவைத்த மதிப்பு அது. ரெசிடுவல் என்பார்கள். ஜோசியம்தான், ஆனால் சொன்னவரையே கட்டிப்போடுகிற ஜோசியம். வேண்டுமென்றால் அந்த விலைக்கு வண்டியை நாமே வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கணிப்பு தப்பினால் நஷ்டம் அவர்களுக்கு.

2019-இல் லீஸ் எடுத்த சிலருக்கு இது லாட்டரியாகவே விழுந்தது. கொரோனாவை ஒட்டி வந்த சிப் தட்டுப்பாட்டில் புது வண்டி கிடைக்காமல், 2022 ஜனவரியில் அமெரிக்காவில் பழைய கார் விலை ஒரே வருடத்தில் 40.5 சதவீதம் ஏறியிருந்தது. ஒப்பந்தத்திலோ 2019-இன் கணக்கு. வாங்கி உடனே விற்று லாபம் பார்த்தவர்கள் உண்டு. மின்சாரக் கார்களில் கதை தலைகீழ். பழைய மின்சார வண்டிகளின் விலை சரிந்தபின், ஒப்பந்த விலையைவிட மலிவாக வெளியே அதே வண்டி கிடைத்தது. அவற்றை லீஸ் எடுத்தவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் லீஸும் முடியும் தறுவாய். எங்களுடையது சாதாரண பெட்ரோல் வண்டி, ஜோசியமும் பெரிதாகத் தப்பவில்லை. அதனால் யோசிக்க வேண்டியதாயிற்று.

கணவர் எக்செல்லைத் திறந்தார். புதிதாக எடுத்தபோது வண்டியின் விலை 33,000 டாலர். ரெசிடுவல் 56 சதவீதம், அதாவது 18,480. மிச்சிகன் விற்பனை வரி 6 சதவீதம் சேர்த்தால் 19,589. இன்னொரு பக்கம், ஒரு பழைய கார் டீலரிடம் இதே மாடல், ஒரு வருடம் மூத்தது, 16,900-க்கு நின்றது. வரியோடு 17,914. எங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று ஒரு கட்டணம் 395. எல்லாம் கழித்தும் கூட்டியும் பார்த்தால் பழைய வண்டியில் 1,280 டாலர் மிச்சம். எக்செல்லுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. எங்களுக்கு 36,000 மைல் அனுமதி, வீட்டிலிருந்தே வேலை என்பதால் முக்கால்வாசிதான் ஓடியிருந்தது. அதிகம் ஓட்டினால் மைலுக்கு இத்தனை சென்ட் என்று வசூலிக்கிறவர்கள், குறைத்து ஓட்டியதற்கு ஒரு சென்ட்கூடத் தருவதில்லை. ஓடாத அந்த மைல்களின் மதிப்பு நமக்கு வரவேண்டுமென்றால் வண்டி நம்மிடமே இருக்க வேண்டும்.

“ஆயிரத்து சொச்சம் டாலர் சும்மாவா?” என்றார் கணவர். நியாயமான கேள்விதான்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதி 1970-இல் வெளியான கட்டுரை பிரசித்தம். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்தது. அவர் சொன்னது இதுதான்: விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் ஒரு விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்கமாட்டான். சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் மற்றது.

இதை லீஸுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. டீலர் கடையில் வரிசையாக நிற்கும் மூன்று வருட வண்டிகளில் பல, லீஸ் முடிந்து வந்தவை. ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் அறிந்த ஒருவருக்கு, குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்தது. அவர் வேண்டாமென்றார். பெரும்பாலானவர்கள் புது மாடல் ஆசையில்தான் விட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் எல்லாருமா? யார் எதற்காக விட்டார்கள் என்பது மட்டும் எந்த அறிக்கையிலும் வராது. வண்டியின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கையில் பதிவான விபத்து இருக்கும், பதிவான சர்வீஸ் இருக்கும். பதிவு செய்யாத எதுவும் இருக்காது.

அந்த 16,900 டாலர் வண்டிக்கு கார்ஃபாக்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரே உரிமையாளர், விபத்து இல்லை. ஆனாலும் தனி மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். மிச்சிகனில் இதைச் செய்யாமல் பழைய வண்டி வாங்கக்கூடாது என்பது என் கட்சி. டெட்ராய்ட்டுக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனிக்காலம் முழுக்க இங்கே சாலையெல்லாம் உப்புதான், அந்த உப்பு பனியோடு சேர்த்து வண்டியின் அடிப்பாகத்தையும் தின்கிறது. மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. பிரேக் எண்ணெய்க் குழாயில் ஒரு இடம் செம்பழுப்பாக வீங்கியிருந்தது. “இப்பவே ஆபத்து இல்லை. ஆனால் நான் வாங்கமாட்டேன்” என்றார். மேலே பெயின்ட் பளபளத்தது.

கையோடு எங்கள் வண்டியையும் ஏற்றச் சொன்னேன். அதிலும் துரு இருந்தது, மூன்று குளிர்காலம் பார்த்த வண்டியில் இல்லாமல் இருக்குமா? ஆனால் மேலோட்டமான துரு, நகத்தால் தேய்த்தால் தூளாக வருகிற வகை. முன்பக்க பம்பரில் உள்ள கீறல் எந்த பார்க்கிங்கில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். குளிரில் கிளப்பியவுடன் இடதுபக்கம் கேட்கும் கிறீச் சத்தம் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்றும் தெரியும். இந்தத் தெரிதலுக்கு என்ன விலை போடுவது? எக்செல்லில் அதற்குக் கட்டமில்லை. நான் போட்ட விலை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர். அதற்குமேல் ஒப்பந்த விலை அதிகமென்றால் வண்டியின்மேல் உள்ள பாசத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்று அர்த்தம். நாலாயிரம் டாலர் வித்தியாசம் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்திருப்பேன்.

வண்டியைச் சொந்தமாக்குவதில் கணவருடைய தயக்கம் பணத்தில் மட்டும் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. எங்களுடைய ஹெச்-1பி வேலை விசா ஒரு தடவைக்கு மூன்று வருடம். லீஸும் மூன்று வருடம். இங்கே எங்களைப் போன்றவர்களின் ஓட்டுநர் உரிமமும் விசா தேதியோடு காலாவதியாகும். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேலும் வரிசையில் நிற்கிறார்கள். வாழ்க்கையை மூன்று மூன்று வருடமாக நறுக்கியே யோசிக்கப் பழகிவிட்டோம். சோபா வாங்கப் போனால்கூட, “ஊருக்குப் போறதா இருந்தா இதை என்ன பண்றது?” என்று கேட்பவர் அவர். லீஸ் என்றால் இலேசாக இருக்கிறதாம்.

எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. விசா சிக்கலாகி நாளைக்கே கிளம்ப வேண்டியிருந்தால், சொந்த வண்டியை ஒரு வாரத்தில் விற்றுவிட்டு விமானம் ஏறலாம். லீஸை நடுவில் முறிக்கப் போனால் மீதித் தவணை, முறிப்புக் கட்டணம் என்று எத்தனை ஆயிரம் கேட்பார்களோ. இலேசானது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததுதான் எங்களைக் கட்டிவைத்திருந்தது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் எக்செல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ கடனுக்கு எந்த கிரெடிட் யூனியன்ல வட்டி கம்மின்னு பார்க்கறேன்” என்றார்.

வாங்கிவிட்டோம். லீஸ் எடுத்தபோதே கோயிலில் பூஜை போட்டாயிற்று, சொந்தமானதற்கு இன்னொன்று போட வேண்டுமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். “அன்னிக்கு உங்க வண்டி இல்லியா அது?” என்று கேட்டாள். லீஸைப் பற்றி விளக்கப் போகவில்லை. அந்த வாரமே அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கக் கொடுத்தோம். திருப்பிக் கொடுக்கப்போகிற வண்டிக்கு இந்த ஊரில் யாரும் அந்தச் செலவைச் செய்வதில்லை.