நோயாளிக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு தடவை புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, ஐந்தாறு வருஷம் சுகமாய் நடமாடிய ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நோய் இப்போது மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. நிபுணர் ஒருவரைப் பார்க்க நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் வீட்டில் என்ன ஆயத்தம் நடக்கிறது? மூத்த மகன் முன்கூட்டியே நிபுணரிடம் போய், "அம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், டாக்டர். தெரிந்தால் இடிந்துபோவார்கள். ஏதோ நீர்க்கட்டி என்று சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறான். மருமகள் ரிப்போர்ட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையை நோயாளி வாசித்துவிடாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

இதெல்லாம் அன்பினால் செய்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், பிரியமான வாசகர்களே, அன்பினால் செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா?

கேள்வி பழையது. அர்ச். அகுஸ்தீன் 5-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொய்யைக் கண்டித்து எழுதிய நூலில் இதற்கு ஒப்பான ஒரு சங்கடத்தை எடுத்துக்கொள்கிறார். ஒருவன் சாகக் கிடக்கிறான். அவனுடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவனுக்குத் தெரியாது. மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கிறான். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடலாம். என்ன சொல்வது? அகுஸ்தீன் இதை லேசாகத் தள்ளிவிடவில்லை. தம் மனமே இளகித் தடுமாறுவதை மறைக்கவுமில்லை. இருந்தும் பொய்க்கு உத்தரவு கொடுக்கவில்லை. பின்வந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், ஒருவனை ஆபத்திலிருந்து தப்புவிக்கவும் பொய் சொல்லலாகாது. ஆனால் விவேகத்தோடு உண்மையை வெளியிடாமல் அடக்கிக்கொள்ளலாம் என்று பிரித்துக் காட்டினார். கேட்காததைச் சொல்லாமலிருப்பது வேறு. கேட்டபோது நீர்க்கட்டி என்பது வேறு.

எட்டாம் கற்பனையோடு விஷயம் முடிந்துவிடவுமில்லை. களவு செய்யாதே என்னும் ஏழாம் கற்பனையும் இதிலே இருக்கிறதென்பது என் எண்ணம். நோய் யாருடையது? உடல் யாருடையது? இனி எஞ்சியிருக்கும் நாட்கள் யாருடையவை? 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1957 நவம்பரில் வைத்தியர்களுக்குச் செய்த பிரசங்கத்தில், நோயாளியின் சம்மதத்துக்குப் புறம்பாக வைத்தியருக்குத் தனியான உரிமை கிடையாது என்றார். நினைவிழந்து கிடப்பவர் விஷயத்தில்கூட, அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதைப் பொறுத்தே குடும்பத்தாரின் உரிமை அமையும் என்றும் சொன்னார். நினைவிழந்தவருக்கே இப்படியானால், எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும் தாயின் தலைக்கு மேலே நாம் தீர்மானம் செய்ய நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

தீர்மானிக்க வேண்டியவை சிறியவையுமல்ல. நோய் முன்பிருந்த இடத்திலேயே திரும்பியிருக்கிறதா, எலும்பு, நுரையீரல், ஈரல் என்று பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். மார்புப் புற்றுநோயானால், திரும்பி வந்த கட்டியின் குணம் பழைய கட்டியைப் போல் இல்லாமலும் போகலாம். ஆகையால் முடிந்த இடத்தில் மறுபடியும் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன என்பது: நோயை அடியோடு நீக்குவதா, சில காலம் அடக்கி வைப்பதா, அல்லது வேதனையைத் தணிப்பதா? மூன்றுக்கும் மருந்து உண்டு, மூன்றும் ஒன்றல்ல. மகளின் கலியாணம் மட்டும் திடமாய் நடமாடினால் போதும் என்று ஒரு தாய் நினைக்கலாம். இன்னொருத்தி எந்தக் கஷ்டமானாலும் இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்பாள். ஏதென்று தெரியாதவளிடம் எதைக் கேட்பது?

அதுவுமன்றி, நாம் மறைப்பதாக நினைக்கிறோமேயொழிய, பெரும்பாலும் மறைவதில்லை. ஒரு முறை அந்த வாசலில் காத்துக்கிடந்தவருக்கு இரண்டாம் முறை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும், தெரியாததுபோல் பிள்ளைகளுக்காக நடிக்கிறார். பிள்ளைகள் அவருக்காக நடிக்கிறார்கள். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியே அழுகிறார்கள். சுவாமியாரைக்கூட அழைப்பதில்லை, பார்த்தால் அம்மா பயந்துவிடுவார்களாம்! நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லியாயிற்று. நம் ஜனங்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடச் சொல்லவில்லை. "எனக்கு விபரம் வேண்டாம், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லவும் நோயாளிக்குச் சுதந்திரம் உண்டு. அதை மதிக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே நாள் வருமுன் ஒரு மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் சொல்வதையெல்லாம் நேரில் கேட்க விரும்புகிறீர்களா, அம்மா? எவ்வளவு தெரிந்தால் போதும்?" என்று கேளுங்கள். ஆயத்தங்களில் இது முதலாவது.

மற்றவை சுலபம். பழைய ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பட்டியல், கதிர்ச் சிகிச்சையின் விபரம், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். மெழுகில் பதித்த பழைய சதைத்துண்டும் சிலைடுகளும் சோதனைச் சாலையில் இருக்குமானால் கேட்டு வாங்குங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். அந்த அறையில் பாதி மறந்துபோகும். செலவைக் கேட்க வெட்கப்படாதீர்கள். வலிக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் கேளுங்கள். வலியைப் பொறுத்தால்தான் புண்ணியம் என்று மார்ஃபின் மருந்தை மறுக்கிறவர்கள் உண்டு. வேதனையைத் தணிக்க அத்தகைய மருந்து கொடுப்பது ஆகும் என்று அதே பாப்பானவர் அதே 1957-ம் வருஷம் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்.

கூடப் போகிறவர் இருவர் போதும்: ஒருவர் எழுதிக்கொள்ள, ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள. கேள்வித் தாளைத் தாயிடமே கொடுங்கள். டாக்டர் மகனைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், மகன் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.