நேற்றைய விலை எதற்குச் சான்று?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள கோவளத்தை, கார்மேல் அன்னை ஆலயத்தையும் தமீம் அன்சாரி தர்காவையும் வைத்து அறிந்தவர்கள் பலர். பங்குச் சந்தையின் வரலாற்றிலும் அந்த மீனவர் ஊருக்கு ஓர் இடம் உண்டு. 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்றைய பெல்ஜியத்தின் துறைமுகமான ஆஸ்டெண்டிலிருந்து வந்த வணிகர்கள் இங்கே ஒரு பண்டகசாலை அமைத்தார்கள். 1722 டிசம்பரில் வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் 30 ஆண்டுக்கான பட்டயம் வழங்க, ஆஸ்டெண்ட் கம்பெனி முறையாகப் பிறந்தது. மூலதனம் 60 லட்சம் கில்டர். ஆயிரம் கில்டர் வீதம் 6,000 பங்குகள். 1723 ஆகஸ்டில் ஆன்ட்வெர்ப் நகரில் விற்பனைக்கு வந்த பங்குகள் இரண்டே நாளில் தீர்ந்தன. அந்த மாதம் முடிவதற்குள் விலை முகமதிப்பைவிட 12 முதல் 15 சதவீதம் ஏறி நின்றது. கோவளத்திலும் வங்காளத்தின் பாங்கிபஜாரிலும் பண்டகசாலைகள் இருந்தன. சீனத் தேயிலை வணிகம் நல்ல லாபம் தந்தது. ஆனால் 1727 மே 31-இல் பட்டயம் ஏழாண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1731-இல் வியன்னா உடன்படிக்கை அந்தக் கம்பெனியின் இந்திய வணிகத்துக்கே முடிவு கட்டியது. ஏறிய அந்த விலை எதற்குச் சான்றாக இருந்தது? நடந்ததைக் கொண்டு நடக்கப்போவதை அறிந்துவிட்டதாகச் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? பங்கு வாங்குகிறவரை மட்டுமல்ல, அறிவு என்றால் என்ன என்று யோசிக்கிற எவரையும் தொடும் கேள்வி இது.

1723-இல் பங்கு வாங்கியவர்கள் பழைய விலையை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் முன்னால் இரண்டு வரலாறுகள் இருந்தன. ஒன்று, 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் காலூன்றித் துணி வணிகம் செய்த அந்தக் கம்பெனியின் பங்கு நூறாண்டுக்கு மேலாக ஈவுத்தொகையும் தந்து, விலையிலும் பல மடங்கு பெருகியிருந்தது. மற்றொன்று, மூன்றே ஆண்டு முந்தைய லண்டன் தென்கடல் கம்பெனியுடையது. 1720 தொடக்கத்தில் 128 பவுண்டாக இருந்த பங்கு கோடையில் ஆயிரத்தைத் தொட்டு, ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கே விழுந்தது. முதல் வரலாறு ‘வாங்கு’ என்றது. இரண்டாவது ‘விலகி நில்’ என்றது. ஆஸ்டெண்ட் கம்பெனியோ டச்சுக் கம்பெனிபோல வளரவும் இல்லை, தென்கடல் கம்பெனிபோல வெடிக்கவும் இல்லை. தமக்குப் பின் மகள் மரியா தெரேசா அரியணை ஏறுவதை மற்ற அரசுகள் ஏற்க வேண்டும் என்பது சார்லசின் கவலை. போட்டிக் கம்பெனியை ஒழிக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர், டச்சுக்காரர் இருவரின் விருப்பம். இரண்டும் ஒரே பேரத்தில் கைமாறின. கோவளத்துப் பண்டகசாலையின் முடிவுக்குக் காரணம் வியன்னா அரண்மனையில் இருந்தது. ஆன்ட்வெர்ப் விலைப்பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அந்தக் காரணம் அகப்பட்டிருக்காது.

இங்கே தமிழ் அளவையியல் நமக்குக் கைகொடுக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் கொள்கைகளை உரைக்கும் காதையில், அளவைவாதி கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, மூன்றாகப் பகுக்கிறான். யானையின் ஒலி கேட்டு யானை உண்டு என அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என அறிவது எச்சம். கருமேகம் கண்டு மழை பெய்யும் என அறிவது முதல். எச்சம் விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. முதல் காரணத்திலிருந்து விளைவுக்கு முன்னோக்கிப் போகிறது. ஒரு நிறுவனத்தின் பழைய விலை எச்சத்துக்கு உரிய சான்று. அன்று வாங்கியவரும் விற்றவரும் எதை நம்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள், எந்தச் செய்தி அவர்களை அசைத்தது என்பதை அதிலிருந்து பின்னோக்கி அறியலாம். நம்மில் பலர் அதையே முதலாக எடுத்துக்கொள்கிறோம். நேற்றைய ஏற்றத்தை நாளைய ஏற்றத்தின் காரணம் என்று கருதுகிறோம். வெள்ளம் மழையைக் காட்டும். அடுத்த மழையைக் கொண்டுவராது. பழைய விலையைப் பற்றிய பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடமாற்றத்தில்தான் தொடங்குகின்றன.

எச்சமாக வாசிப்பதற்கும் கவனம் வேண்டும், ஏனெனில் பட்டியலில் நாம் காணும் பழைய விலை பல நேரங்களில் யாரும் கொடுத்த விலையே அல்ல. இன்போசிஸ் 1993-இல் பங்கு ஒன்றை 95 ரூபாய்க்கு வெளியிட்டது. பிறகு போனஸ் பங்குகளாலும் பங்குப் பிரிப்பாலும் அன்றைய ஒரு பங்கு 2018-க்குள் 1,024 பங்குகளானது. அந்தக் கணக்கைச் சரிசெய்து காட்டும் பட்டியலில் 95 ரூபாய் ஏறக்குறைய 9 காசாகிவிடும். ஒன்பது காசுக்கு இன்போசிஸ் பங்கு வாங்கியவர் எவரும் இல்லை. ஆனால் இந்தச் சரிசெய்தல் இல்லாமல் அன்றையும் இன்றையும் ஒப்பிட முடியாது. சென்னை எம்.ஆர்.எஃப். நேர்மாறான எடுத்துக்காட்டு. பங்கைப் பிரிக்காததால் அதன் விலை 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த எண்ணை மட்டும் வைத்து அது மலிவா, கூடுதலா என்று சொல்லிவிட முடியாது. ஒரு பங்குக்கு லாபம் எவ்வளவு, ஈவுத்தொகை எவ்வளவு, அந்தக் காலத்தில் பணவீக்கம் எவ்வளவு என்று கேட்ட பிறகே விலை பேசத் தொடங்குகிறது. அப்போதும் அது பிறர் சொன்ன கணக்கை நம்பியே பேசுகிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்குகள் பொய்யானவை என்று ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் பங்கு முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. அதற்கு முந்தைய பல ஆண்டு விலைகள் உண்மையாகவே கொடுக்கப்பட்டவை. அவற்றைத் தாங்கி நின்ற உரைதான், அதாவது பிறர் சொல்தான், பொய். உரை தவறினால் அதன்மேல் கட்டிய கருதலும் தவறும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். கடந்ததிலிருந்து வருவதை அறிய முடியாது என்றால் எதையுமே அறிய முடியாதே? கோவளத்து மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் கண்டுதானே கடலில் இறங்குகிறார்? இந்த மறுப்பு வலுவானது. கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கும் மணிமேகலையின் பூதவாதியோடு சேர்ந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மீனவரின் கருதல் வெறும் பழைய வரிசையின்மேல் நிற்பதல்ல. வாடை எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பவற்றுக்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் நம் எண்ணத்தைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாரும் அலை உயரும் என்று நம்புவதால் அலை உயராது. விலை அப்படியல்ல. ஏறும் என்று போதுமானவர்கள் நம்பினால் அந்த நம்பிக்கையே அதை ஏற்றும். அளவு மீறி ஏறியதால் பிறகு இறக்கவும் செய்யும். பார்ப்பவரின் நம்பிக்கையே பார்க்கப்படும் பொருளுக்குள் புகுந்துவிடும்போது, பழைய வரிசையின் சான்று வலுவிழக்கிறது. நம் எண்ணத்தைப் பொருட்படுத்தாத கடலிலும்கூட வரிசைக்கு எல்லை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை எந்த அன்றாட அலைக் கணக்கிலும் இல்லை. அதன் காரணம் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் இருந்தது.

இரண்டாவது மறுப்பு பொருளியலாளர்களுடையது. எல்லாருக்கும் தெரிந்த செய்தி அனைத்தும் இன்றைய விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது, ஆகவே விலையே சிறந்த அறிவு என்கிறார் யூஜின் ஃபாமா. இதை ஏற்றாலும் என் வாதம் தளராது. எல்லாம் இன்றைய விலைக்குள் வந்துவிட்டது என்றால், நேற்றைய விலையைக் கொண்டு நாளையைக் கணிப்பது வீண் என்பதுதான் அதன் முடிவு. நம்பிக்கையும் அச்சமும் விலையை மதிப்பிலிருந்து வெகுதூரம் இழுத்துச் செல்லும் என்று காட்டியவர் ராபர்ட் ஷில்லர். 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் இந்த இருவரும் இருந்தார்கள். அண்மை மாதங்களில் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களிலும் சராசரியாக முந்துகின்றன என்று நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-இல் காட்டியதையும் நான் மறுக்கவில்லை. அது நூற்றுக்கணக்கான பங்குகளைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒரு தனி நிறுவனத்தின் கதி அந்தச் சராசரியில் எழுதப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு: நீண்ட காலத்தில் பங்குகள் ஏறத்தானே செய்திருக்கின்றன? ஏறியிருக்கின்றன. ஆனால் நூறாண்டு விலை வரலாறு உடையவை நூறாண்டு பிழைத்தவை மட்டுமே. வீழ்ந்தவை பட்டியலில் இருந்து நீங்கிவிடுகின்றன. நாம் வென்றவர்களின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம். இருநூறாண்டுக்கு அருகில் வாழ்ந்த டச்சுக் கம்பெனிகூட 1799-இன் இறுதியில் கலைந்தது. 1937-இல் அமைந்த சென்னைப் பங்குச் சந்தையே 2015-இல் மூடப்பட்டது. நீண்ட கால வளர்ச்சிக்குக் காரணம் உழைப்பு, கண்டுபிடிப்பு, நல்ல சட்டம் ஆகியவை. காலம் நீண்டது என்பது காரணமல்ல. எல்லாம் முன்னரே நியதியால் அமைந்துவிட்டது என்ற ஆசீவகரின் கொள்கைக்கும், கோடு இப்படி வளைந்தால் விலை இப்படித்தான் போகும் என்ற நம்பிக்கைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. இரண்டிலும் மனிதர் செய்யும் செயலுக்கு இடமில்லை.

ஆகவே பழைய விலையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதனிடம் உரிய கேள்வியைக் கேட்க வேண்டும். இந்த நாளில் விலை ஏன் விழுந்தது, அந்தக் காரணம் தீர்ந்ததா, இன்னும் உள்ளதா? நெருக்கடியில் இந்த நிறுவனம் எவ்வளவு ஆழம் இறங்கியது, மீள எத்தனை ஆண்டு எடுத்தது, அத்தனை ஆண்டு என் குடும்பம் காத்திருக்க முடியுமா? இவற்றுக்கு விடை தேட விலை வரலாறு நேர்மையாக உதவும். ‘நாளை ஏறுமா’ என்ற கேள்விக்கு அது விடை தருவதாகச் சொல்லிப் பிறர் சேமிப்பை இழுப்பது அறமாகாது. பங்குச் சந்தை முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர், 2024 மார்ச் வரையான மூன்று நிதியாண்டுகளில் பணம் இழந்தார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு சொல்கிறது. அந்த இழப்புக்குக் காரணங்கள் பல. அறியாததை அறிந்ததாகக் கொண்ட துணிவு அவற்றில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த அளவை எதுவரை செல்லும் என்று முதலில் வரையறுத்துவிட்டுப் பிறகு உண்மையைப் பேசத் தொடங்கியவர்கள் நம் முன்னோர். வீட்டுச் சேமிப்பை முதலீடு செய்யும்போதும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நம் கடமை.