பலியா, தியாகமா?

சதுரங்கத்தில் ஒரு காயை வேண்டுமென்றே எதிரிக்கு வெட்டக் கொடுப்பதைச் சிலர் பலி என்பர். சிலர் தியாகம் என்பர். பெயர் எதுவாயினும், கொடுக்கத் தகுந்த வேளை எது என்பதே வினா.

ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை இரு வகையாகப் பிரித்தார். கொடுத்ததற்கு மேலாகத் திரும்பி வரும் என்று கணக்கிட்டுத் தெளிந்தபின் கொடுப்பது போலித் தியாகம். முடிவை முற்றும் கணக்கிட இயலாதபோது, நிலையை எடைபோட்டு, இழப்பை ஏற்கத் துணிந்து கொடுப்பது மெய்த் தியாகம். முன்னது வாணிகம், பின்னதே துணிவு.

எங்கள் திருநள்ளாற்றுக்கு அண்மையிலுள்ள மயிலாடுதுறையில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் விசுவநாதன் ஆனந்த். 2013 சனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சே ஊரில் லெவோன் அரோனியனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய அவர், தம் யானையை வெட்ட விட்டார். அதை வெட்டிய வெள்ளைக் குதிரை, தன் அரசனுக்கு உதவ இயலாத தொலைவில் நின்றது. கறுப்பு ராணியும் மந்திரிகளும் குதிரையும் அவ்வரசனை நெருக்க, 23ஆம் நகர்வோடு ஆட்டம் முடிந்தது. 1907இல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தை இது நினைவூட்டியது.

இதிலிருந்து மூன்று சோதனைகள் பிறக்கின்றன. கொடுப்பதால் எந்த வழி திறக்கிறது? எஞ்சிய காய்கள் அவ்வழியே உரிய நேரத்தில் சென்று சேருமா? கணக்குப் பிழைத்தால் தோல்வியை நான் தாங்குவேனா? இம்மூன்றிற்கும் விடை தெளிந்தபின் தயங்குதல் கோழைமை. தெளியாமுன் கொடுத்தல் ஆரவாரம்.

ஆயின், இந்நெறியை அப்படியே வாழ்க்கைக்குக் கொண்டுவரலாகாது. மரக்காய்க்கு வலி இல்லை, தோல்வி ஆட்டக்காரருக்கே. வீட்டிலோ, நகர்த்துபவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்காக மூத்த பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திய குடும்பங்களை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டேன். “குடும்பத்திற்காக அவள் செய்த தியாகம்” என்று பெரியோர் பெருமையோடு கூறுவர். அவள் செய்தாளா, அவளைச் செய்தார்களா? உயிருள்ள ஒன்றை அதன் விருப்பமின்றிப் பிறர் நலத்திற்காகக் கொடுப்பதற்குப் பலி என்பதே பெயர். பலியை மறுக்கும் நம் சமூகம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருவரையும் படிக்க வைக்க வசதியில்லையே, யாரேனும் ஒருவர் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அப்போது பெரியோர் முதலில் தம் காய்களைப் பலகையில் வைக்கட்டும்: நகை, விருந்து, ஊர் மெச்சும் செலவு. அவையும் போதாவிடில் பிள்ளைகளிடம் கேட்கட்டும். மறுப்பதற்கும் இடம் கொடுத்துக் கேட்கட்டும். பெரியோர் முன் தலைகுனிந்து நிற்கும் பெண்ணின் மௌனம் சம்மதம் ஆகாது.

தன்னுடையதைத் தானே கொடுத்து, விளைவையும் தானே ஏற்பவருக்கே தியாகம் என்னும் சொல் உரியது.