பாடம் முடியாதபோது விளையாடலாமா?

"டீச்சர், பாடத்தை முடிக்காம விளையாடப் போனா தப்புதானே?" என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். தப்பு என்று அவள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

நன்னிலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அந்தப் பெண்ணின் நாளைச் சொல்கிறேன். காலை எட்டேகாலுக்குச் சிறப்பு வகுப்பு. சாயங்காலம் பள்ளி விட்டதும் இன்னொரு சிறப்பு வகுப்பு. ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். வீட்டில் ஆடுகள், பாத்திரம், ஒரு தம்பி. எல்லாம் முடிந்து எட்டு மணிக்கு மேல் புத்தகம். நடுவே அப்பாவின் போன் கைக்குக் கிடைத்தால் கொஞ்ச நேரம் ரீல்ஸ். ரீல்ஸ் பார்க்கும்போது வேதியியல் நோட்டு மனதை அரித்துக்கொண்டிருக்கும். நோட்டைத் திறந்தால் போன் ஞாபகம் வரும். ஒன்றிலும் அவளால் முழுதாக இருக்க முடியவில்லை. இந்த வயதில் நேரம் அதிகம் வீணாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

டைம்டேபிள் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அதற்கு முன்பு தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓய்வு என்பது வேலையை முடித்தவருக்குத் தரப்படும் கூலியா? நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். "முடிச்சுட்டுப் போ" என்கிறோம். படிப்பு எங்கே முடிகிறது? பாடம் முடிந்தால் திருப்புதல், அது முடிந்தால் பழைய வினாத்தாள்கள், அதற்கும் மேல் நீட். முடித்தால்தான் ஓய்வு என்றால் பிள்ளைக்கு ஓய்வு என்றைக்கும் வராது. அல்லது திருடித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். திருடி எடுத்த ஓய்வு யாருடைய களைப்பையும் போக்கியதில்லை.

சரஸ்வதி பூசை இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே பூந்தோட்டத்தை ஒட்டிக் கூத்தனூர் சரஸ்வதி கோயில் இருக்கிறது. பரீட்சைக்கு முன்னால் பேனாவையும் நோட்டையும் சன்னிதியில் வைத்து வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை வருடந்தோறும் பார்க்கிறேன். அப்படிப்பட்ட கல்வித் தெய்வத்துக்கு உரிய நாளில் நாம் செய்யும் மரியாதை, படிக்காமல் இருப்பது. நவமியன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூசை செய்து எடுக்கும்வரை தொடக்கூடாது. காலாண்டுத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவளா, தேறாதவளா என்று அந்த வழக்கம் பார்ப்பதில்லை. பாதியில் நின்ற கணக்கு பாதியிலேயே நிற்கும்.

சில வருடங்களாக நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு மாற்றம். போன வருடப் புத்தகங்கள் பூசையில் இருக்கின்றன, நீட் கைடு மேசையில் திறந்து கிடக்கிறது. "ஒரு நாள் வீணாயிடும் டீச்சர்" என்கிறார்கள். என் மனம் இதற்கு ஒப்பவில்லை. சாமி கோபித்துக்கொள்ளும் என்று நான் பயப்படவில்லை. நிறுத்தினாலும் படிப்பு எங்கும் ஓடிவிடாது, விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடரலாம் என்ற தைரியத்தை வருடத்தில் அந்த ஒரு நாளாவது பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுத்தது. அதையும் எடுத்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

இந்த ஏற்பாடு ஒரு நாளோடு நிற்கவில்லை. வேதம் கற்றவர்களுக்கு அநத்யயனம் என்ற விதி இருந்தது. அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் ஓதக்கூடாது. இடி இடித்தாலும் பாடம் நிற்கும். அவற்றுக்குத் தர்ம சாஸ்திரங்கள் சொல்லும் காரணங்களை என்னால் ஏற்க முடியாது. அதே நூல்கள் என் மாணவர்களில் பலருடைய முன்னோர்களை எழுத்துப் பக்கமே அண்டவிடவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் படிப்பையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள், படிப்பை நிறுத்தும் நாளைத் தங்கள் இஷ்டத்துக்கு விடாமல் நாட்காட்டியிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஒன்றை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

யூதர்களின் ஓய்வுநாள் கட்டளை எனக்கு இன்னும் நெருக்கமானது. விவிலியத்தில் யாத்திராகமம் அந்தக் கட்டளையைச் சொல்லும்போது மகன், மகளோடு நிற்பதில்லை. வேலைக்காரர், வேலைக்காரி, வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் அந்நியர், ஆடு மாடு வரைக்கும் ஓய்வைக் கொடுக்கிறது. உபாகமம் அதற்குக் காரணமும் தருகிறது: எகிப்தில் நீங்கள் அடிமைகளாக இருந்தவர்கள், அதை நினைவில் வையுங்கள். தன் நேரம் தன்னுடையதாக இல்லாதவன் அடிமை. விடுதலை பெற்றவர்களுக்கு நிறுத்திக்கொள்ளவும் உரிமை உண்டு. வேலை முடிந்ததா என்று அந்தக் கட்டளை யாரையும் கேட்கவில்லை.

ஆகவே என் மாணவர்களிடம் டைம்டேபிளைத் தலைகீழாகப் போடச் சொல்கிறேன். முதலில் புத்தகத்தை மூடும் நேரத்தை எழுதுங்கள். அடுத்தது தூக்கம். பிறகு விளையாட்டோ, பாட்டோ, சும்மா திண்ணையில் உட்காருவதோ, உங்களுக்குப் பிடித்தது. மீதி இடத்தில் பாடங்களை வையுங்கள். வள்ளுவர் காலமறிதலை 49ஆவது அதிகாரமாக வைத்து, அதற்கு முன்னால் வலியறிதலை வைத்திருக்கிறார். நம் பலம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் நேரத்தைப் பற்றிப் பேச முடியும். ராத்திரி பதினொன்றரைக்குக் கண் சொருகும் பிள்ளைக்கு மின்காந்தத் தூண்டலை ஒதுக்கினால், அது காகிதத்தில்தான் இருக்கும். பயந்துகொண்டு ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, ஒன்பதரைக்கு மூடிவிடுவோம் என்று தெரிந்து நாற்பது நிமிடம் உட்காருவது மேல். திருப்புதல் தேர்வு விடைத்தாள்களில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

போனைப் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். அது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு மூடும் நேரம் கிடையாது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். படிப்பு முடிவதில்லை என்று அழும் பிள்ளையை முடிவே இல்லாத இன்னொன்றில் உட்கார வைத்து, அதற்கு ஓய்வு என்று பெயர் சொல்லக்கூடாது. வாலிபால் ஆட்டம் முடியும், வலையை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

வாலிபால் என்றதும் பி.இ.டி. பீரியட் ஞாபகம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அந்தப் பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். நான் கேட்பதில்லை, கொடுத்தாலும் வாங்குவதில்லை. ஐ.நா. 1989இல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாடம் பாக்கி இருந்தால் உரிமை கிடையாது என்று அதில் எழுதவில்லை.

அந்தப் பெண்ணிடம், தப்பே இல்லை, ஒன்பதரைக்கு மூடிவிடு என்றேன். "கணக்கு பாதியில இருந்தா?" என்றாள். பாதியிலேயே மூடு என்றேன். ஆனால் அவளுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. அவள் சாயங்காலத்தை ஆடும் பாத்திரமும் எடுத்துக்கொண்டால் எந்த டைம்டேபிளும் நிற்காது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அம்மாவிடம், எட்டாவது படிக்கும் பையனுக்கு ஆடு பிடித்துக் கட்டத் தெரியாதா என்று கேட்டேன். "அவன் சின்னப் பையன் டீச்சர், பார்க்கலாம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.