படம் பார்க்கலாமா, சுவாமி?



"சுவாமி, இந்தப் படம் பார்க்கலாமா? அந்தத் தொடரைப் பார்த்தால் பாவமா?" என்று பூசை முடிந்து கோயில் முற்றத்தில் தாய்மார் பலர் கேட்பதுண்டு. கேட்பது நல்லதே. மனச்சாட்சி உறங்கிப்போன இடத்தில் இத்தகைய கேள்வி எழாது. ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் பங்குச் சுவாமியே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தால், பகுத்தறியும் பழக்கம் உங்களுக்கு வருவதெப்படி? ஆகையால் இவ்வாரம் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றியே பேசுவோம்.

திருச்சபை சினிமாவுக்குச் சத்துரு என்று நினைப்பாருண்டு. அது சரியன்று. 1936-ல் 11-ம் பத்திநாதர் சினிமாவைக் குறித்தே ஒரு நிருபம் வரைந்தார். அதில் தீய படங்களைக் கண்டித்ததோடு, நல்ல படங்களால் விளையும் நன்மையையும் எடுத்துக் காட்டினார். 1957-ல் 12-ம் பத்திநாதர் சினிமா, வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றி நிருபம் எழுதி, இவை மனித புத்தியில் பிறந்தாலும் சர்வேசுரனுடைய கொடைகளே என்று போதித்தார். 1895-ல் பாரீஸ் நகரில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் படம் காட்டினர். அதன் நூறாம் ஆண்டாகிய 1995-ல், வத்திக்கானின் சமூகத் தொடர்புச் சபை சிறந்த படங்களென 45 படங்களின் ஜாபிதா ஒன்றை வெளியிட்டது. பக்தி, ஒழுக்கம், கலை என மூன்று பிரிவுகள். பிரிவுக்குப் பதினைந்து படங்கள்.

அந்த ஜாபிதாவை நோக்குவோம். அர்ச். வின்சென்ட் தே பவுலைப் பற்றிய படமும் (1947) 'பென்ஹர்' படமும் (1959) இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இரத்தம் உறிஞ்சும் பேயின் கதையான 'நொஸ்பெராட்டு' (1922) இருக்கிறது. குதிரையும் துப்பாக்கியுமான 'ஸ்டேஜ்கோச்' (1939) இருக்கிறது. கேலிச் சித்திரங்கள் இசைக்கு ஆடும் 'பாண்டேசியா' (1940), தங்கம் திருடப்போன ஒரு வங்கிக் குமாஸ்தாவின் கதையைச் சொல்லும் நகைச்சுவைப் படம் 'தி லாவெண்டர் ஹில் மாப்' (1951), விண்வெளிக் கதையான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) ஆகியவையும் இருக்கின்றன. அர்ச். மத்தேயு சுவிசேஷத்தை 1964-ல் படமாக்கிய பசோலினி, தாம் விசுவாசியல்ல என்று சொன்னவர். அவர் படமும் பக்திப் பிரிவில் இடம்பெற்றது. 23-ம் அருளப்பரின் நினைவுக்கு அப்படத்தை அவர் காணிக்கையாக்கியிருந்தார்.

இதனால் நாம் அறிவதென்ன? பாவமும் புண்ணியமும் படத்தின் வகையில் இல்லை. பேய்ப்படம் என்பதால் தள்ளவேண்டியதில்லை; பக்திப்படம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கொள்ளவும் வேண்டியதில்லை. அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: இப்படம் பாவத்தைப் பாவமாகக் காட்டுகிறதா, அல்லது இனிப்புத் தடவிக் கொடுக்கிறதா? பாவத்தைக் காட்டுவதே குற்றமென்றால் வேதாகமத்தையும் மூடிவைக்க வேண்டும். தாவீது அரசன் பெத்சபேயிடம் விழுந்ததை அது மறைக்கவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்ததையும், அரசன் அழுததையும் சேர்த்தே சொல்லுகிறது. அந்த 45 படங்களில் ஒன்றான 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) ஓர் ஏழைத் தகப்பனின் கதை. பிழைப்புக்கிருந்த ஒரே சைக்கிள் களவு போக, மகனைக் கைப்பிடித்து ரோமாபுரித் தெருக்களில் தேடி அலைகிறான். கிடைக்காமல் போகவே, தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். மகன் அதைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். ஏழாம் கற்பனையைப் பற்றி ஒரு மணிநேரப் பிரசங்கம் செய்யாததை அந்தச் சிறுவனின் முகம் செய்துவிடுகிறது.

இரண்டாவது: இப்படம் யாரை அற்பமாக நினைக்கக் கற்பிக்கிறது? ஆபாசம் ஒன்றையே நாம் தேடுகிறோம். அது இல்லையென்றால் நல்ல படமென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 'யு' சான்றிதழ் பெற்ற நகைச்சுவையில் கறுத்த பெண்ணையும், பருத்த உடலுடையவனையும், திக்கிப் பேசுகிறவனையும் பரிகசிக்கும்போது குடும்பத்தோடு சிரிக்கிறோமே, மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே வார்த்தையால் ஒரு பிள்ளை அடிபடுகிறதை நினைத்தோமா? மாமியார் மருமகள் சூழ்ச்சியை நாள்தோறும் காட்டும் தொடர்களில் முத்தமில்லை, மதுவில்லை, பிறர்சிநேகமும் இல்லையே!

மூன்றாவது: பார்த்து முடித்தபின் நான் என்னவாக எழுந்திருக்கிறேன்? 'பபெத்தின் விருந்து' (1987) என்ற டென்மார்க் படத்தில், லாட்டரியில் கிடைத்த பணம் முழுவதையும் ஒரு சமையற்காரி ஒரே விருந்தில் செலவிடுகிறாள். மனஸ்தாபம் கொண்டிருந்த கிராமத்தார் உண்டு முடிக்கையில் ஒருவரையொருவர் மன்னிக்கிறார்கள். அதைப் பார்த்தவனுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையே புதிதாகத் தோன்றும். வேறு சில படங்களோ, மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் எரிச்சலோடு நம்மை எழுப்பிவிடுகின்றன.

தொடர்களைப் பற்றித் தனியே ஒன்று சொல்லவேண்டும். சினிமா இரண்டரை மணியில் முடிந்துவிடும், தொடர் முடியாது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி பார்த்தால் வருஷத்துக்கு 130 மணி நேரம். தொடர் என்பதே தீதென்று நான் சொல்லவில்லை. பத்துக் கற்பனைகளை அடிப்படையாக வைத்துப் போலந்து நாட்டுத் தொலைக்காட்சிக்காக 1988-ல் கிஸ்லோவ்ஸ்கி எடுத்த 'டெக்கலாக்' பத்தே பாகங்கள் கொண்ட தொடர். அதுவும் அந்த ஜாபிதாவில் உண்டு. தொடங்குமுன் அது எங்கே முடியும் என்று கேளுங்கள் என்பதே என் சொல்.

இங்கேதான் பெரிய ஆபத்து. முன்னே கொட்டகைக்குப் போகவேண்டுமானால் புறப்பட வேண்டும், சீட்டு வாங்கவேண்டும். அதற்குள் யோசிக்க நேரமிருந்தது. இன்று கைப்பேசியில் ஒரு பாகம் முடிந்த சில விநாடிகளில் அடுத்தது தானே தொடங்குகிறது. நேற்றுப் பார்த்ததைக் கணக்கிட்டு, அதே ஜாதிச் சரக்கை இன்றும் முன்னே பரப்புகிறது இயந்திரம். சண்டைப்படம் பார்த்தவனுக்குச் சண்டையே, அழுகைத் தொடர் பார்த்தவளுக்கு அழுகையே. தெரிந்தெடுக்கிறவர் யார்? சர்வேசுரன் நமக்களித்த மனச்சுயாதீனத்தை விரல் நுனியில் விட்டுவிடலாமா?

ஆகையால் செய்யவேண்டியவை இவை. சனிக்கிழமை மாலை குடும்பமாக உட்கார்ந்து, வாரத்துக்கு எதைப் பார்ப்பதென்று முன்னரே முடிவு செய்யுங்கள். ஒரே வகையில் கிடவாமல், ஒரு வாரம் சரித்திரம், ஒரு வாரம் நகைச்சுவை, ஒரு வாரம் வேற்று நாட்டுப் படம் என மாற்றுங்கள். தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 என்று வயது குறித்திருப்பதைப் பாருங்கள். இணையத் தொடர்களிலும் அவ்விதமே வயது குறிக்கவும், 13-க்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வைக்கவும் 2021-ம் ஆண்டு விதிகள் கட்டளையிடுகின்றன. பூட்டு இருக்கிறது; பூட்டவேண்டியவர் நீங்கள். அடுத்த பாகம் தானே ஓடுவதை நிறுத்திவையுங்கள். பார்த்தபின் பிள்ளைகளோடு கால்மணி பேசுங்கள். பாதியில் மனச்சாட்சி குத்தினால், காசு கொடுத்தோமே என்று உட்கார்ந்திராமல் அணைத்துவிட்டு எழுந்திருங்கள். காசு போகட்டும், ஆத்துமம் நஷ்டப்பட வேண்டாம்.

1958-ல் 12-ம் பத்திநாதர் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அசீசி நகர் அர்ச். கிளாரம்மாளை ஏற்படுத்தினார். நோயால் படுக்கையில் கிடந்த அப்புனிதை, கிறிஸ்துமஸ் இரவில் தூரத்துக் கோயிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அவர் மனம் எதை நாடியதோ அதையே கண்கள் கண்டன. நம் இருதயம் எதை நாடுகிறது என்பதை, இன்றிரவு நம் வீட்டுத் திரை சாட்சி சொல்லும். தெரிந்தெடுக்கும் ஞானத்தையும், அணைக்கும் தைரியத்தையும் நமக்குப் பெற்றுத் தரும்படி அப்புனிதையை மன்றாடுவோமாக. ஆமென்.