எண்ணங்களைக் காண்பது எது?

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க விரும்புவோர், பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, சவளின் ஒரு முனையை நீருள் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்ப்பார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரியும் அவ்வோசையைக் கேட்டு எழுதி வைத்துள்ளார். பாடுவது மீனா, மட்டியா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் சவள் வலித்துக்கொண்டே அதைக் கேட்க முடியாது.

மனமும் அப்படித்தான். சந்நிதியில் கண்ணை மூடினால் வேளாண்மை வெட்டுக் கூலி, பிள்ளையின் சோதனை, அடைவு வைத்த நகை எல்லாம் வரிசையாக வருகின்றன. “எனக்குப் பக்தி போதாது” என்று வருந்துவோர் பலர். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகையின் நினைவு வந்தது, போனது. வந்ததையும் போனதையும் அறிந்தது எது?

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் இதைத் தெளிவாக்குகிறார். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் ஆன்மா அல்ல. அரசன் அமைச்சரோடு இருப்பதுபோல ஆன்மா அவற்றோடு கூடி நிற்கிறது. அமைச்சர் பேசுவதையெல்லாம் தன் பேச்சென்று நம்பும் அரசனின் நாடு என்னவாகும்!

1896 ஜூலையில் மதுரையில் வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுப் பையனைத் திடீரென மரணபயம் பிடித்தது. அவர் வைத்தியரைத் தேடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார். உடல் கட்டையாகக் கிடக்க, அதை அறியும் அறிவு அப்படியே இருந்தது. அவரே பின்னாளில் திருவண்ணாமலை ரமண மகரிஷி. பயத்தை அவர் விரட்டவில்லை, பயப்படுவது யார் என்றே பார்த்தார் என்பதுதான் விசேஷம்.

சித்தாந்திகள் மேலும் ஒன்று சொல்வர். கண் நன்றாயிருந்தாலும் சூரியனில்லாமல் காணாது. ஆன்ம அறிவும் சிவனருள் இன்றி விளங்காது. “நானே எல்லாம்” என்று நிமிர்ந்துவிடாதிருக்க இந்த எச்சரிக்கை அவசியம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன பிள்ளையை நினைத்து, கல்லடியிலும் நாவலடியிலும் இன்னும் இரவில் விழித்திருக்கும் தாய்மார் உண்டு. அவர்களிடம் “எண்ணத்தை விடு” என்பது கொடுமை. சமயம் அப்படிச் சொல்லவுமில்லை. பிள்ளையின் முகம் வரட்டும், அழுகையும் வரட்டும். அந்த அழுகையையும் அறிந்துகொண்டு அசையாமல் நிற்பது ஒன்று உள்ளே உண்டு. அதன் பக்கம் ஒரு நிமிடம் சாய்ந்திருந்தாலும் மூச்சு ஆறும்.

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் முடித்தவர்கள், உடனே பஸ்ஸுக்கு ஓடாமல் குளக்கரையில் சற்று இருந்து பார்க்கலாம். எண்ணங்கள் வரும். எத்தனை வந்தன என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.